எட்டுக் கால், பன்னிரண்டு ரூபாய்

ஆல்துரையின் கேரட் பாத்தி பள்ளத்தில் இருக்கிறது.
இத்தலாரின் குளிரெல்லாம்
இரவு மூன்று மணிக்கு மேல்
அங்கேதான் வழிந்து தேங்குகிறது.
பனி உறைய அரைமணி முன்னால் எழுப்பினால் போதும்,
ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிடுவானாம்.
"முந்நூறுக்கு மேல் என்னிடம் இல்லை" என்றான்.

முதலில் பார்த்தது வைஃபை வைத்த பலகை.
இருநூற்று எண்பது.
அதன் பசிக்கு நாலு பேட்டரி நாலு நாள்.
அந்தப் பள்ளத்தில் டவரும் கிடையாது.

அடுத்தது மூன்று ரூபாய்ச் சில்லு.
ஒருமுறை எழுதினால் எழுதியதுதான்,
அழிக்க முடியாது.
முதல் தடவையே சரியாக எழுதுகிற ஆளா நான்?

பிறகு இது.
எட்டுக் கால்,
கட்டெறும்பை விடக் கொஞ்சம் பருமன்,
ஆயிரம் தடவை அழித்து எழுதலாம்,
பன்னிரண்டு ரூபாய்.
ஆனால் ஐம்பதாகத்தான் அனுப்புவார்களாம்.
மிச்சம் நாற்பத்தொன்பது மூளையை
எந்த டப்பாவில் போட்டு வைப்பது?
கூரியர் வேறு.
சில்லின் விலையைத் தாண்டியது சில்லின் பயணம்.

கோவைக்கே போனேன்.
நூறடி ரோட்டில் மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை.
ஜக்கரியா பாய் பட்டையை இழுத்து
ஐந்து எண்ணி
கத்தரியால் வெட்டினார், பூக்காரி முழம் போடுவது போல.
"எழுத்து தேஞ்சிருந்தா கொண்டாங்க, மாத்தித் தாரேன்.
ஓடலைன்னா மட்டும் கொண்டாந்துராதீங்க."
முப்பது ரூபாய்க்கு ஒரு வெப்ப சென்சாரும் வாங்கினேன்.

பர்லியாறு சோதனைச் சாவடி.
பிளாஸ்டிக் பாட்டில் தேடி என் பையைக் கலைத்தவர்
பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
"மாத்திரையா?"
"ஆமாங்க. குளிருக்கு."
பின்னால் பதினாறு வண்டி. பாடம் நடத்த நேரமில்லை.

ஒன்று வாயே திறக்கவில்லை.
ஒன்றை நானே தலைகீழாகப் பற்றவைத்தேன்,
அந்தப் புகைக்குப் பன்னிரண்டு ரூபாய்.
சென்சாரோ
என் மூச்சு புகையாகிற இரவில்
எண்பத்தைந்து டிகிரி என்றது.
மறுநாளும் எண்பத்தைந்து.
அதற்குத் தெரிந்த எண் அது ஒன்றுதான்.

மூன்றாவது சில்லைப் பாத்தியில் வைத்து
வீடு வரை ஒயர் இழுத்தேன்.
நிமிடத்துக்கொரு ஓகே சொல் என்றேன்.
சொன்னது.
ஓகே. ஓகே. ஓகே.
மூன்றேகாலுக்கு உளற ஆரம்பித்தது:
பாதி எழுத்து, கேள்விக்குறி, கட்டம் கட்டமாய் ஏதோ.
காலையில் வெயில் பட்டதும்
ஒன்றும் நடக்காதது போல
ஓகே.

பாயைத் திட்டினேன்.
இரண்டாம் இரவும் உளறியது.
மூன்றாம் இரவு மேகமூட்டம், குளிர் இல்லை,
அது உளறவும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது.
காசு மிச்சம் பிடிக்க
அதன் வயிற்றுக்குள் இருக்கும் கடிகாரத்தையே
நம்பியிருந்தேன்.
மலிவுக் கடிகாரம்.
குளிரில் அதற்கு விரல் மரத்துப்போகிறது,
நேரம் தப்புகிறது, சொல்லும் தப்புகிறது.

எங்கள் வீட்டில் நின்றுபோன சுவர்க் கடிகாரத்தைப் பிரித்தேன்.
உள்ளே அரிசிமணி நீளத்தில் ஒரு படிகம்,
குளிருக்கு அவ்வளவாக அசையாத ஜாதி.
இரண்டையும் பக்கத்தில் ஓடவிட்டேன்.
எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு குளிர்.
சென்சாரைப் பிடுங்கிப் போட்டேன்.
கூல்பாரில் ஐஸ் வாங்கி
அதன்மேல் சில்லை உட்காரவைத்து
பூஜ்யம் எதுவென்று கற்றுக்கொண்டேன்.

தை பிறப்பதற்கு முந்தின வாரம்,
மூன்று நாற்பது.
பஸ்ஸர் அலறியது.
ஆல்துரை கம்பளியோடு ஓடினான், வால்வு திருகினான்.
விடிந்தபோது மேட்டுப் புல் வெள்ளையாய் இருந்தது,
கேரட் இலை ஈரமாய்.

முந்நூறையும் கொடுத்தான்.
நாலு தடவை சும்மா எழுப்பியதற்கு
ஒரு முனகலும் கொடுத்தான்.
அண்ணன் தோட்டத்துக்கும் ஒன்று வேண்டுமாம்.

டப்பாவில் இருந்த இரண்டில் ஒன்றை எடுத்து
ஐஸில் வைத்தேன்.
இது பிந்தவில்லை.
குளிரில் இது முந்துகிறது.
ஒரே பட்டை, ஒரே கத்தரி.

நாளைக்கும் ஐஸ் வாங்க வேண்டும்.
கூல்பார்க்காரர் ஏற்கெனவே கேட்டார்,
இந்தக் குளிரில்
யாருக்கு ஜூஸ் போடுகிறேன் என்று.