ஏழரை

இசைத்தட்டின் பின்னட்டையில்
பதினொரு பெயர்கள்.
பதினொன்றாவது
எங்கள் தெருக் குப்பை லாரியில்
மணியடிப்பவன்.

எர்லிந்தா ஸமுதியோ இதை எழுதத் தொடங்கியது
போர்த்தாலெஸ் பகுதியில் தண்ணீர் வராத ஒரு மாதம்.
நான் ஒலிப்பதிவுக்கு.
சம்பளம் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.
மதியச் சாப்பாடு உண்டு,
மொட்டைமாடியில் ஓர் அறை,
சுவரெங்கும் ஒட்டிய முட்டை அட்டைகள்.

வாசித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.
தாம்பெரேயில் வெய்க்கோ, டிரம்ஸ்:
அவன் அனுப்பும் துண்டுகளில் எல்லாம்
பின்னால் ஒரு ஹீட்டர் இரைந்துகொண்டிருக்கும்.
பிர்னோவில் ஸ்தென்கா, பஸ்ஸூன்:
நான் மூச்சு வாங்கும் இடத்தை வெட்டாதே
என்று மூன்று கடிதம் போட்டவள்.
ஒஹாக்காவில் இரண்டு வயலின்கள், அண்ணனும் தம்பியும்.
பேச்சுவார்த்தை நின்று ஆறு வருடம்.
ஒரே வீட்டிலிருந்து
தனித்தனி உறையில் வந்தது இசை.
இருவரையும் இடது காதிலேயே போடு என்றாள் எர்லிந்தா,
சண்டையை உள்ளே வந்து போடட்டும்.

மூன்றாவது துண்டு இருபத்திரண்டு நிமிடம்.
ஐந்தடித் தாளம்.
ஒரு செவ்வாய்க்கிழமை,
சாத்திய ஜன்னலையும் முட்டை அட்டையையும் தாண்டி
மைக்குக்குள் புகுந்துவிட்டது மணி.
அழிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.
அழிக்காமல் வெட்டினேன்,
நீண்டதைக் குறைத்து
ஐந்துக்குள் அடக்கி உட்கார வைத்தேன்.
நன்றாகத்தான் உட்கார்ந்தது.

யார் அந்த மணிக்காரர்
என்று எல்லா ஊரிலிருந்தும் கேட்டார்கள்.
வெய்க்கோ மட்டும்,
அவர் எண்ணாமல் அடிக்கிறார், எப்படி, என்று கேட்டான்.

அனுமதிக் கையெழுத்துக்கு நெமேசியோவை மேலே அழைத்தோம்.
இருபத்து நான்கு வயது இருக்கலாம்.
கையுறையைக் கழற்றாமல்
ஹெட்ஃபோனைத் தொடாமல்
தலையை மட்டும் குனிந்து கொடுத்தான், நான் மாட்டினேன்.
கேட்டான்.
இது நான் இல்லை என்றான்.
நீதான், செவ்வாய்க்கிழமை, என்றேன்.
நான் அடிப்பது ஏழரை.

மூன்று, முனை வீட்டுக்காரர்களுக்கு.
நான்கு, முடுக்குக்குள் இருப்பவர்களுக்கு, அவர்கள் நடந்து வரவேண்டும்.
அரை?
அப்போது நான் லாரியில் தாவி ஏறுவேன்.
மணியின் நாக்கை உள்ளங்கையால் பிடிப்பேன்.
அந்த அரையில்தான் வண்டி கிளம்பும்.
உங்கள் பாட்டில், சேன்யோரா,
வண்டி இன்னும் நின்றுகொண்டே இருக்கிறது.

ஏழரையைக் கூட்டிவிட்டுப் போய்விட்டான்.
எர்லிந்தா ஒரு சிகரெட் முழுக்கப் பேசவில்லை.
பிறகு இருபத்திரண்டு நிமிடத்தையும்
பதினைந்து அரையடிகளாகத் திருப்பி எழுதினாள்.
வெய்க்கோ ஒற்றை வரியில் திட்டினான், ஃபின்னிஷ் மொழியில்,
அகராதி பார்க்கத் தேவைப்படவில்லை.
அண்ணன் வயலின் சரி என்றார்,
ஆகையால் தம்பி வயலின் முடியாது என்றது.
ஸ்தென்காவிடமிருந்து நான்கு நாள் ஒன்றுமில்லை.
ஐந்தாம் நாள் வந்த பதிவில்
அவள் மூச்சு சரியாக
அந்த அரையில் இருந்தது.

நெமேசியோ கேட்டது அறுநூறு பெசோ,
பெயரில் அம்மாவின் குடும்பப் பெயரும் வரவேண்டும்,
ஒரு பிரதி.
போட்டுக் கேட்க வீட்டில் எந்திரம் இல்லை.
லாரியின் முகப்பில்
ஒற்றைக் காதுக் கரடி பொம்மைக்குப் பக்கத்தில்
அட்டையைக் கம்பியால் கட்டியிருந்தான்.
ஜூலை மழையில் முதலில் எங்கள் பெயர்கள் போயின.

இன்று செவ்வாய்.
இரண்டு பைகளோடு படியில் நின்று
எண்ணிக்கொண்டிருந்தேன், மூன்று, நான்கு,
உள்ளங்கைக்குள் அது மூடிக்கொள்ளும் சத்தத்தை
இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை,

வாசலுக்கு வந்தபோது
தெரு காலி.
இரண்டு பைகளும் என் கையில்.