குருத்து

புகாரில் நேரம் இரவு பத்து என்று
எழுதியது என் கைதான்.
முந்நூற்றுப் பன்னிரண்டு வாழை, குலை தள்ளும் பருவம்,
கன்னடியன் கால்வாய்க்கு மேற்கே.
சந்தேகம் யார் மேல் என்று கேட்கவே வேண்டியதில்லை,
எந்தத் தெரு என்று ஊருக்கே தெரியும்.
விடியுமுன் சுடலைக்கண்ணுவைத் தூக்கி வந்தோம்,
இருபத்திரண்டு வயது, பனியனோடு.

முப்பிடாதி கிரேடு டூ. எம்.எஸ்சி. தாவரவியல்.
ஸ்டேஷனில் அவளுக்கு இலைக்காரி என்று பெயர்,
வைத்தது யார் என்று கேட்காதீர்கள்.
காலை எட்டு மணி, தோட்டத்தில்
எல்லாரும் அரிவாளைத் தேட
அவள் என் மேசை ஸ்கேலோடு
ஒவ்வொரு வெட்டுவாயிலும் குனிந்து நின்றாள்.

"வெட்டுன பிறகும் உள்குருத்து வளரும், ஏட்டையா.
இதுல அஞ்சரை அங்குலம். அந்தா, அதுல அஞ்சு.
ராத்திரி வெட்டியிருந்தா மூணு தாண்டாது.
இது நேத்து மத்தியானம் விழுந்தது."

தோட்டக்காரர் துண்டை உதறி
மறுபடி அதே தோளில் போட்டார்.
இன்ஸ்பெக்டர் சிரித்தார்:
"குருத்துக்கு எந்த செக்‌ஷன்மா?"

நேத்து மத்தியானம்.
எனக்கு மட்டும் வயிற்றில் ஏதோ புரண்டது.
காலை பத்து முதல் விளக்கு வைக்கும் வரை
அந்தப் பயல் எங்கள் பெஞ்சில்தான் இருந்தான்.
பாஸ்போர்ட் விசாரணை. மஸ்கட்டில் வேலை.
ஐயா இல்ல, அப்புறம் பாப்போம் என்று
நாலு தடவை சொன்னவன் நான்.

அன்று ராத்திரி பத்து மணிக்கு
என் வீட்டுப் புறவாசல் வாழையை வெட்டினேன்.
"குலை வர்ற மரத்த எதுக்கு வெட்டுதீய?"
வீட்டுக்காரிக்குப் பதில் சொல்லவில்லை.
பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நாலுக்கு
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
வெட்டுப்பட்ட சேதி எட்டாதது போல
வெள்ளையாய் ஏறிக்கொண்டிருந்தது அது.
எட்டு மணிக்கு மகனின் ஜியாமெட்ரி பெட்டி ஸ்கேலை வைத்தேன்.
இரண்டரை.

"பெஞ்சுல இருந்தான்யா, நான் சாட்சி" என்றேன்.
"உனக்கும் டிகிரி குடுத்துட்டாளா?" என்றார் இன்ஸ்பெக்டர்.
ஆனாலும் மூன்றாம் நாள் அவனை விட்டார்கள்,
இடது காது வீங்கியிருந்தது.
முப்பிடாதிக்கு மாசம் முழுக்க
வெயிலில் பந்தோபஸ்து.

ஸ்கேல் அவளிடமே இருக்கிறது, நான் கேட்கவில்லை.
கோடு போட காலண்டர் அட்டையை வைத்துக்கொள்கிறேன்.
நேரம் என்ற கட்டத்துக்கு வந்தால்
பேனாவை மூடிவிட்டு
"நீ ஒரு எட்டு பாத்துட்டு வாம்மா" என்கிறேன்.

சுடலைக்கண்ணுவின் காகிதத்தில்
ஆட்சேபணை இல்லை என்று எழுதி
நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டான்.
விசா தேதி போன வாரமே முடிஞ்சிட்டாம்.