பேசினேன் எண்டால்

புதுக்கடை நீதிமன்றம், ஆறாம் அறை.
மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை.
இரண்டு மொழிக்கு நடுவே நிற்பதற்கு
எனக்கு மாதச் சம்பளம்.

முறைப்பாட்டுக்காரர் விமலசிறி,
ஜிந்துப்பிட்டித் தோட்டத்தில் வாடகை அறவிடுபவர்.
எதிரி, எமில்டா.
(சட்டத் தமிழில் கூண்டில் ஏறுகிற எல்லோரும் எதிரிதான்.)
இடியப்பம் அவித்து விற்பவள். வயது நாற்பத்தொன்பது.
குற்றம்:
நாற்பது நிமிடம் விடாமல் ஏசியது.

‘தமிழ் தெரியுமா உமக்கு?’ என்றார் சட்டத்தரணி.
‘தெரியாது.’
‘பிறகு ஏசினாள் என்று எப்படித் தெரியும்?’
விமலசிறி கூரையைப் பார்த்து யோசித்தார்.
‘மூச்சு விட்ட இடங்களை வைத்து.’

‘நாற்பது நிமிடமும் ஏன் நின்றீர்?’
‘மழை.’
அவள் வீட்டுத் தகரத் தாழ்வாரத்தை விட்டால்
அந்த ஒழுங்கையில் ஒதுங்க வேறு இடமில்லை.

வசைக்குப் பின்னால் மாரியைக் கொண்டுபோய்க் கட்டியவர்
யாரென்று தெரியாது.
நனைந்தவராகத்தான் இருக்க வேண்டும்.
முதல் துளியில் ஓடியிருக்கலாம்,
ஓடாமல் நின்று
முழுவதையும் தலையில் வாங்கியவர்.

நீதவான் எமில்டாவிடம் திரும்பினார்.
‘நீ என்ன செய்தாய்?’
‘பேசினேன், ஐயா.’

அங்கேதான் நான் நின்றுவிட்டேன்.
எங்கட தமிழில் பேசினேன் எண்டால்
வாயைத் திறந்தேன் என்றும் ஆகும்,
கிழித்துத் தொங்கவிட்டேன் என்றும் ஆகும்.
கறிக்கு உப்புக் கூடினால் பேச்சு விழும்.
கல்யாணம் பேசுவதும் அதே வாயால்தான்.
‘கதா கெருவா’ என்று சொன்னால் அவள் வீட்டுக்குப் போவாள்.
‘பென்னா’ என்று சொன்னால் தண்டம் கட்டுவாள்.
என் நாக்கில் இரண்டும் இருந்தன,
எச்சில் மட்டும் இல்லை.

அந்தப் பென்னாவும் லேசான சொல் அல்ல.
வேரைத் தோண்டினால் பண கிடக்கும்,
போயா இரவில் விகாரை ஒலிபெருக்கி
எங்கள் ஜன்னல்வரை கொண்டுவந்து தரும் அதே பண.
போதனையும் ஏச்சும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
மூத்தது வெள்ளை உடுத்தியிருக்கிறது.

தேநீர் இடைவேளையில்
நூலகத்து ஆங்கில அகராதியைப் புரட்டினேன்,
கறையான் விட்டுவைத்த பக்கங்களில்.
டயட்ரைப்.
கிரேக்கத்தில் தேய்த்தல் என்று போட்டிருந்தது,
பொழுதைத் தேய்த்துத் தேய்த்துப் போக்குதல்.
பிறகு பாடமாகி, பிரசங்கமாகி,
கடைசியில்தான் அதற்குக் கோபம் வந்திருக்கிறது.
பிளேன்டீ ஆறிவிட்டது.

‘ஐயா, இந்தச் சொல்லுக்கு இரண்டு வாசல்’ என்றேன்.
‘அவள் எந்த வாசலால் போனாள்?
அவளையே கேளும்.’

கேட்டேன்.
எமில்டா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.
விரல்களில் மாவின் வெண்மை போகவில்லை.
‘பதினொரு நாள் பைப்பில தண்ணி இல்ல.
அதைத்தான் சொன்னேன்.
ஒரு நாளைக்கு நாலு நிமிஷம்கூட வரல்லயே, ஐயா.
கூடிப்போச்சா?’

இதை மொழிபெயர்க்கக் கஷ்டப்படவில்லை.
கணக்குக்கு இரண்டு வாசல் கிடையாது.
நீதவான் மேசைக் காகிதத்தில்
நாற்பதைப் பதினொன்றால் பிரித்துப் பார்த்ததை
நான் மட்டும் கண்டேன்.

வழக்கு அடுத்த மாதம் பதினேழாம் தேதிக்கு.
தட்டெழுத்துக்காரி
அந்தச் சொல்லுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள்,
பென்சிலால் ஒரு கோடு.
இரண்டு முறை அழித்து எழுதியிருக்கிறேன் அதன்மேல்.
இன்னும் கோடுதான்.

வெளியே மூன்று மணி மழை.
கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு
ஓடுகிறார்கள் சட்டத்தரணிகள்.
வாசல் மண்டபத்தில்
குடை இல்லாமல் விமலசிறி.
நாலு முழம் தள்ளி, குடை இல்லாமல் எமில்டா.

அவள் தொண்டையைச் செருமினாள்.

விமலசிறி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.