பூட்ஸ்

சனிக்கிழமை காலை ஏழரை.
வெளியே சைக்கிள் இருக்கைகளின்மேல்
உறைபனி, உப்புத் தூவியதுபோல.
உள்ளே குளோரின் நெடி,
கண்ணாடிக்கு அப்பால் காப்பியோடு பெற்றோர்கள்,
என் கையில் ஒரு நீண்ட கழி.

பதினாறு வருடத்தில் இந்தக் கழியால்
மூன்று பேரை இழுத்திருக்கிறேன்.
மற்ற நாளெல்லாம்
இருக்கிறது என்று தெரிவதற்காக
அது இருக்கிறது.

ஃபிரீஸ்லாந்தில் வயல்கள் கடலைவிடத் தாழ்வு.
வாசலில் கால்வாய்,
மாட்டுக்கொட்டில் பின்னால் கால்வாய்,
பள்ளிக்கூடத்து வேலி முடிகிற இடத்தில்
மறுபடியும் கால்வாய்.
அதனால் பரீட்சை அன்று எல்லாரும்
சட்டை, காற்சட்டை, காலணியோடு குதிக்க வேண்டும்.
தவறி விழுகிறவன்
நீச்சலுடை மாற்றிக்கொண்டா விழுகிறான்?

குதித்த பிறகு
தண்ணீருக்குள் தொங்கும் நீலப் படுதா.
நடுவில் ஓட்டை.
மூச்சடக்கி அதில் புகுந்து அந்தப் பக்கம் எழ வேண்டும்.

யோரிட்டுக்கு ஆறு வயது.
மூன்று வாரமாகப் படுதாவரை போய்த் திரும்பிவிடுகிறான்.
"அந்தப் பக்கம் என்ன இருக்கு, வீட்ஸ்கா?"
"இதே தண்ணிதான்."
"நீ போய்ப் பாத்தியா?"

நான் பார்த்ததில்லை.
என் சிறுவயதில் படுதா பச்சை நிறம், அதற்கு என்ன சாட்சி.

ரீங்க்குக்குப் பதினான்கு. கண் தெரியாது.
சுவர் நெருங்கும்போது
கழியால் விளிம்பில் தட்டுவேன், டொக், டொக்.
போன மாதம் யாரோ கூப்பிட, திரும்பிவிட்டேன்.
நெற்றியைத் தடவியபடி கேட்டான்:
"இன்னைக்குச் சுவர் சீக்கிரம் வந்துடுச்சா?"
ஓட்டை அவனுக்கு ஒரு விஷயமே இல்லை.
படுதாவை உள்ளங்கையால் தடவுவான்,
துணி தீருகிற இடத்தில் போய்விடுவான்.

பிறகு பௌக்யா.
அறுபத்து மூன்று வயது, நாற்பது பசுக்கள்.
அவளுடைய பள்ளியில் நீச்சல் வகுப்பு நடந்த நேரம்
அவள் வீட்டில் பால் கறக்கும் நேரம்.
இப்போது எதற்கு வந்தாய் என்று யார் கேட்டாலும்
"வெந்நீர் முட்டிக்கு நல்லது" என்பாள்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
இங்கே ஆழம் சுவரில் எழுதியிருக்கிறது:
இரண்டு மீட்டர் பத்து.
அவள் அதைப் படித்துவிட்டு
ஏழு வாரம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பரீட்சை அன்று
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு வந்தாள்.
சாணம் கழுவியிருந்தாள், முழுதாக அல்ல.
"கான்வாஸ் ஷூ போதும், பௌக்யா."
"கான்வாஸ் ஷூ போட்டுக்கிட்டு
நான் எந்தக் கால்வாயில விழப்போறேன்?"

குதித்தாள்.
பூட்ஸ் வாய் திறந்து குடித்தது.
குமிழிகள் வந்தன, அவள் வரவில்லை.
கழியை இறக்கினேன்.
ஈயை விரட்டுவதுபோல் அதைத் தள்ளிவிட்டு
மேலே வந்தாள், முகமெல்லாம் சிவந்து,
ஏதோ ஃபிரீசிய மொழியில் திட்டிக்கொண்டு.
திட்டியது என்னையா தண்ணீரையா, தெரியவில்லை.
மெதுவாக,
சேற்றில் இறங்கிய மாடு கரை தேடுவதுபோல மெதுவாக,
படுதாவுக்குப் போனாள். தலை மறைந்தது.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு காப்பிக் கோப்பை
உதட்டருகில் அப்படியே நின்றது.

விளிம்பில் ஒரு பூட்ஸ் சிக்கியது.
கழன்றது.
அவள் எழுந்தாள் அந்தப் பக்கம், ஒற்றைப் பூட்ஸோடு,
இருமலும் சிரிப்புமாக.

யோரிட் என் கால்சட்டையை இழுத்தான்.
"அந்தப் பக்கம் பூட்ஸ் இருக்கு."
"இருக்கு."
அவ்வளவுதான் பேச்சு.
நான் விசிலை வாயில் வைப்பதற்குள் குதித்துவிட்டான்.
படுதா ஒருமுறை உப்பியது,
ஓட்டையில் இரண்டு குட்டிக் காலணிகள் உதைத்துப் போயின.

பூட்ஸை அவனால் தூக்க முடியவில்லை.
மேலே வந்து கத்தினான்:
"பச்சைக் கலர்! உள்ள வைக்கோல் ஒட்டியிருக்கு!"
ரீங்க் மூழ்கி, தரையைத் துழாவி
எடுத்து வந்து
தலைகீழாகக் கவிழ்த்தான், என் பாதத்தின்மேல்.

படிவத்தில் ஒரு கட்டம்:
காலணி, இரண்டு கால்களிலும், இறுதிவரை.
பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன்.
பௌக்யா துண்டால் காதைக் குடைந்தபடி சொன்னாள்:
"சீக்கிரம் போடு, எதையாவது.
பதினோரு மணிக்கு மாட்டு டாக்டர் வர்றார்."