பொருள் எண் ஐந்து

டூரினில் நவம்பர், இரவு எட்டரை.
சைக்கிள் நிறுத்தும் அறையில் மடக்கு நாற்காலி போட்டு
எட்டு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருந்தோம்.
கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று
யாரோ ஒருமுறை சொல்லிவிட்டார்கள்,
ஆறு வருடமாக எழுதுகிறேன்.

லிஃப்ட் பழுது, முடிந்தது.
புறா வலை, முடிந்தது.
குப்பை அறைச் சாவி அடுத்த மாதத்துக்குப் போனது.
ஐந்தாவது பொருள்:
“தாழ்வாரத்தில் நிலவும் நிலைமை.”

நிலைமை என்றால் ஒரு ஆள்.
சாம்பல் போர்வை,
பனிச்சறுக்குக்காரர்கள் போடும் ஆரஞ்சுக் காலணி,
ஒரு காலுக்கு மட்டும் கயிறு.
பல் மருத்துவர் கதவைத் திறக்குமுன்
அட்டைகளை மடித்துத் தூணுக்குப் பின்னால் செருகிவிட்டு
டிராம் நிறுத்தம் பக்கம் போய்விடுவார்.
(குறிப்பேட்டில் “அவர்” என்றே எழுதினேன்.
பேச்சில் எல்லோருக்கும் “அவன்”தான்,
எனக்கும்.)

“எனக்கு அவன்மேல் கோபமே கிடையாது”
என்று தொடங்கினார் ஃபியொரென்சா பால்போ.
கோபமே கிடையாதவர்கள்தான்
அன்று நிறையப் பேசினார்கள்.

நோயாளிகள் பயப்படுகிறார்களாம்.
பல் மருத்துவர் குவாலியா சொன்னார்.
“உங்கள் துளைக்கருவியைவிடவா?”
சிரித்தோம். உண்மையிலேயே நல்ல சிரிப்பு.

எந்த ஊர்க்காரன் என்று ஒருவர் கேட்டார்.
பேச்சு வெர்செல்லிப் பக்கம், நம் ஆள்தான் என்றதும்
இரண்டு முகங்களில் ஏமாற்றம் தெரிந்தது.

காசு கொடுத்தால் குடித்துவிடுவான் என்றார் இன்னொருவர்.
கூட்டம் முடிந்ததும் திறப்பதற்காக
பார்பெரா இரண்டு பாட்டில்
காற்றடிக்கும் பம்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தன.

மூன்றாம் மாடி இல்டா பௌட்டாஸோ
ஒரு நாள் சூப் கொண்டுபோய்க் கொடுத்தாராம்.
பூண்டு போட்டிருக்கிறதா என்று கேட்டானாம்.
அவ்வளவுதான்.
பூண்டா!
அந்த அரைமணி நேரத்தில் ஒளிக்காமல் வெளிவந்த கோபம்
அந்தப் பூண்டின் மேல்தான்.
பசித்தவனுக்குப் பிடித்தது பிடிக்காதது
எங்கிருந்து வந்தது என்று
ஆளாளுக்கு.

முடிவு: கான்கிரீட் தொட்டிகள் நான்கு.
அவற்றில் புதர்ச்செடி, நிழலிலும் வாடாத வகை.
ஆயிரத்து இருநூற்று நாற்பது யூரோ, பங்கு வீதப்படி.
சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள்.

ஆறு கை உடனே.
ஏழாவது, மோதிரத்தைச் சரிசெய்துகொண்டு.
என் கை தாளின்மேல் இருந்தது.
எழுதுகிற கையை எப்படித் தூக்குவது?
எதிர்ப்பவர்கள்?
குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம்.
“ஏகமனதாக” என்று எழுதினேன்.
அந்தப் பக்கத்திலேயே அழகாக விழுந்த சொல் அது.

அந்த ஆள் கை நீட்டி நான் பார்த்ததே இல்லை.
கையுறைக்குள் கையை வைத்துக்கொண்டு
டிராம் வருவதைப் பார்த்தபடி நிற்பார்.
கை விரித்தது, கை தூக்கியது, கை கழுவியது
எல்லாம் இந்தப் பக்கம்தான் நடந்தது.

டிசம்பரில் தொட்டிகள் வந்தன, கிரேனில்.
ஜனவரியில் பார்த்தால்
டிராம் பாதையிலிருந்து அடிக்கும் காற்றை
அவை முழுசாக மறைத்துவிட்டன.
செடிமேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு,
சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே அட்டை, போர்வை,
தலைமாட்டில் ஆரஞ்சுக் காலணி.
தெருவிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.
வெறும் பச்சை.

மார்ச் கூட்டம். பொருள் எண் மூன்று:
“செடிகளுக்குப் பின்புற நிலைமை.”
நம் காசில் அவனுக்குச் சுவர் கட்டிக் கொடுத்திருக்கிறோம்
என்றார் பால்போ. குரல் உடைந்திருந்தது.
கண்ணில் படாமல் இருந்தால் போதாதா,
அதற்குத்தானே செலவழித்தோம் என்றார் குவாலியா,
பயந்த நோயாளிகள் இப்போது சரியாகிவிட்டார்களாம்.
தொட்டியை எடுப்பதா, வைப்பதா.

இல்டா மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.
எடுக்க மூன்று கை. வைக்க மூன்று கை.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
“எழுதுகிறவர் கையும் கைதானே?”

பேனாவைக் கீழே வைத்தேன்.
அந்த மேசை ஒரு பக்கம் சாய்வு,
உருண்டு எங்கோ சைக்கிள்களுக்கு அடியில் விழுந்தது.
குனிந்து
தேடிக்கொண்டிருக்கிறேன்.