தூண்டா விளக்கு

பதினேழு வருடம் டீசல் நிலையத்தில் எனக்கு இரவுப் பணி.
மூன்று இயந்திரங்கள்.
மைனஸ் நாற்பதில் இரண்டாவதற்குத் தொண்டை கட்டும்.
இருமல் மாறுவதைப் படுக்கையிலேயே கேட்டு
பூட்ஸை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

ஹட்சன் விரிகுடாவில் பனி விலகினால் கப்பல் வரும்.
வருடத்துக்கான எண்ணெயை ஒரே வாரத்தில் இறக்கும்.
தாமதமானால் ஊரே கரையில் நிற்கும்,
தாதி, போலீஸ், குழந்தைகள், நாய்கள்.
ஒருமுறை குழாய் வெடித்தது.
அந்த இடத்தில் இன்னும் பாசிகூடப் பிடிக்கவில்லை.
‘சுத்தமான மின்சாரம்’ என்று யார் சொன்னாலும்
என் கண் அங்கேதான் போகும்.

பள்ளியின் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
திரையை விரித்தார் ஹால்வர்சன்,
சஸ்கட்டூனிலிருந்து வந்த பொறியாளர்.
சின்ன அணு உலை. பேருந்தைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி.
தரைக்குள் இறக்கி மூடினால் எட்டு வருடம் தொட வேண்டாம்.
சூடு மிஞ்சினால் தானே அடங்கும்.
‘உங்கள் பழைய கல்விளக்கைப் போல’ என்றார்.
யாரோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

லீட்டியா எழுந்தாள்.
‘கல்விளக்கைத் தொடாமல் விட்டால் புகையும்.
திரியைத் தட்டிக்கொண்டே ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டும்.
தூண்டாமல் எரியும் விளக்கு
எங்களிடம் இருந்ததே இல்லை.’
மொழிபெயர்த்து முடிக்க நேரமாயிற்று.
அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

‘எட்டு வருடம் கழித்து?’ என்றான் ஜேபூட்டி.
எடுத்துப் போய்விடுவோம்.
‘எங்கே?’
பதில் நீண்டது.
அரை ஆயுள் என்ற சொல் வந்ததும்
மொழிபெயர்ப்பவள் திணறினாள்.
‘பாதி செத்தது, பாதி சாகாதது’ என்றாள்.
சிரித்தோம்.
பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினோம்.

ஆதரவு அறுபத்தொன்று. எதிர்ப்பு ஐம்பத்து நான்கு.
என் சீட்டு எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள்.
எண்ணெய் நாற்றம் போகாத கையால் போட்டது.

பிப்ரவரி ஒன்பது, மாலை நாலு பத்து.
கடைசி இயந்திரத்தை நிறுத்தியவள் நான்.
விளக்குகள் கண்கூடச் சிமிட்டவில்லை.

அன்றிரவு ஒருவரும் தூங்கவில்லை.
நாய்கள் எழுந்து நின்று எதையோ தேடின.
விரிகுடாவில் பனிப்பாளம் முனகுவது
என் சமையலறை வரை வந்தது.
பக்கத்து வீட்டில் சண்டை.
இத்தனை நாள் அதை மறைத்து வைத்திருந்தது
என் இயந்திரம்தான்.

காலையில் பார்த்தேன்:
நிலையத்துக் கூரையில் பனி,
வெள்ளையாகவே.

உலையின் மிச்சச் சூடு
குழாய் வழியே பள்ளிக்குப் போகிறது.
பிள்ளைகள் பத்து மணி வரை பந்தாடுகிறார்கள்.
எதிர்த்து வாக்களித்த லீட்டியா
அந்தக் குழாயில்தான் கையுறை காயவைக்கிறாள்.
‘சூடு எனக்கு எதிரியா என்ன?’ என்கிறாள்.
எட்டு வருடத்தில் இப்போது ஒன்று போயிற்று.
அதையும் அவள்தான் எண்ணுகிறாள்.

எண்கள் எல்லாம் தெற்கே போகின்றன.
அங்கே யாரோ திரையில் பார்க்கிறார்கள்.
இங்கே நான் செய்ய ஒன்றுமில்லை.
ஒன்றும் செய்யாதிருக்கத்தான் சம்பளம்.

ஆனாலும் இரவில் வேலியைச் சுற்றி வருகிறேன்.
கையுறையைக் கழற்றி
மூடியின் மேல் உள்ளங்கையை ஒருமுறை வைக்கிறேன்.
மற்ற எல்லாவற்றையும் போல அதுவும் சுடுகிறது,
குளிரால்.
சட்டையில் குத்திய கருவி காட்டுவது பூஜ்யமல்ல.
பூஜ்யத்துக்குப் பக்கத்து வீடு.
கரையோரக் கல்லுக்கும் அவ்வளவு உண்டு என்றார்கள்.
கல்லிடமும் கொண்டுபோய்ப் பார்த்தேன்.
உண்மைதான்.

டீசல் காலத்துப் பதிவேட்டில் பக்கங்கள் மிச்சம் இருக்கின்றன.
நேரம், காற்று, குளிர் எழுதுகிறேன்.
‘சத்தம்’ என்று ஒரு கட்டம்.
‘இல்லை’ என்று எழுதிவிட்டு
பேனாவை மூடாமல்
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.