வலது கை நகம்

செக்கிங் டேபிளில் துணி விரித்தால்
நகத்தில் மாட்டிக் கண்ணி இழுபடுகிறது.
"நெகத்த வெட்டீருங் மேடம், எக்ஸ்போர்ட் பீசுங்"
என்கிறார் செங்கோடன். மாட்டேன்.
எட்டாம் கிரேடுக்குப் பதினோரு நாள்.
வலக்கைக்கு மட்டும் உறை போட்டுக்கொண்டேன்.
இடக்கையில் நகமே கிடையாது, நுனியெல்லாம் காய்ப்பு;
துணி மெத்தென்று இருக்கிறதா என்றால்
அதற்குச் சொல்லத் தெரிவதில்லை.

இரவு பத்து. வாலிபாளையம், மூன்றாம் மாடி.
கட்டை, மோதிரம், நடு, சுட்டு.
கட்டை, மோதிரம், நடு, சுட்டு.
ட்ரெமோலோ ஒரே நூலாக ஓட வேண்டும்.
எனக்கு மோதிர விரலில் முடிச்சு.
போனில் பதிந்து கேட்டு
பிசிறிய இடத்திலெல்லாம் நோட்ஸ் தாளில்
கம்பெனியின் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்.
முதல் பக்கத்தில் மட்டும் பத்தொன்பது.
இந்த லாட் தேறாது.

நேற்று பல்லடம் பஸ் கம்பியில்
அதே மோதிர நகம் முறிந்தது.
ஸ்டாப் வரும்வரை அழுதேன். பிறகு
கீழ்வீட்டு மிதுலனிடம் டேபிள் டென்னிஸ் பந்து ஒன்று வாங்கி,
பிறை பிறையாக வெட்டி,
பசை வைத்து, ஊதி, அரத்தால் தேய்த்து
ஒன்றே ஒன்றைத் தேற்றினேன்.

வாசித்தேன். ஏழே அம்பு.
என் நகத்தைவிடப் பந்து நன்றாக வாசிக்கிறது.
கோபமாகத்தான் வருகிறது.
மீதி விரல்களுக்கும்
பந்தில் இடமிருக்கிறது.